இருவழி வானொலியில் பேச்சுத் திரிபும் ஆற்றல் குறைவும்

கம்பித் தொடர்பு எட்டாத இடங்களுக்கு மனிதரின் குரலைக் கொண்டு செல்லும் பணியை இருவழி வானொலி செய்து வருகிறது. ஆழ்கடலில் வலை வீசும் படகும், ரோந்து செல்லும் காவல் வண்டியும், காட்டுத் தீயைக் கண்காணிக்கும் வன ஊழியரும், இரயிலின் முன்னும் பின்னும் பணி புரிவோரும், வெள்ள மீட்புக் குழுவினரும் இதனை நம்பியிருக்கின்றனர். செல்பேசி நாடெங்கும் பரவிய பின்னரும் இதன் தேவை நீங்கவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகளைச் சிதைத்தபோது, அம்மாதம் போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பி உதவினர். இத்தகைய நேரங்களில் கருவி சரியாக இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் இக்கருவிக்கு ஓர் இயல்பு உண்டு. ஏற்பதில் பழுது நேரின் உடனே தெரிந்துவிடும். காதில் ஒன்றும் விழாது. அனுப்புவதில் பழுது நேரின் பேசுகிறவருக்குத் தெரியாது. தம் குரல் மறுமுனையில் எவ்வாறு கேட்கிறது என்பதை அவர் ஒருபோதும் கேட்பதில்லை. பிறர் பேசுவது தமக்குத் தெளிவாகக் கேட்பதால், தம் பேச்சும் அவ்வாறே சென்று சேர்கிறது என்று எண்ணிக்கொள்கிறார். பல மாதங்களாக வளர்ந்து வந்த பழுது, உதவி கோரும் நாளிலேயே வெளிப்படுகிறது.

அனுப்பும் பகுதியில் பெரும்பாலும் எழும் முறையீடுகள் இரண்டு. ஒன்று, பேச்சு திரிந்து கேட்கிறது என்பது. மற்றொன்று, ஆற்றல் போதவில்லை என்பது. இவை வெவ்வேறு நோய்களாகத் தோன்றினும் பல வேளைகளில் வேர் ஒன்றே. அவ்வேரும் பெரும்பாலும் கருவியின் பெட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டிக்கு வெளியே உள்ள கம்பியிலும் இணைப்பிலுமே இருக்கிறது. ஆகவே திருகாணியைக் கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு.

குரல் செல்லும் வழி

கடல், காவல், இரயில் ஆகிய துறைகளில் வழங்கும் மிக உயர் அதிர்வெண் கருவிகள் பெரும்பாலும் அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்குகின்றன. பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவி ஓர் ஊர்தி அலையை உண்டாக்குகிறது. மைக்ரோபோன் தந்த குரல் மின்னோட்டம் பெருக்கப்பட்டு, மிகையான உச்சங்கள் ஒரு வரம்புச் சுற்றில் நறுக்கப்பட்டு, ஊர்தி அலையின் அதிர்வெண்ணை மேலும் கீழுமாக ஆட்டுகிறது. இவ்வாட்டத்தின் அளவே விலக்கம் எனப்படும். உரக்கப் பேசினால் விலக்கம் மிகும். மெல்லப் பேசினால் குறையும். அலையின் ஆற்றலோ இரு நிலையிலும் மாறாது. பின்னர் இறுதிப் பெருக்கி அலைக்கு வலுவூட்டிக் கேபிள் வழியே ஏரியலுக்கு அனுப்புகிறது.

இதனின்றும் ஓர் உண்மை பெறப்படுகிறது. அதிர்வெண் பண்பேற்றத்தில் பேச்சின் உரப்பும் அலையின் ஆற்றலும் தனித்தனியானவை. மைக்ரோபோனை வாயருகே வைத்துக் கத்துவதால் ஒரு வாட் கூட மிகுதியாக வெளிச்செல்லாது. இவ்வளவிருந்தும், சில நிலைகளில் இவ்விரண்டும் ஒருங்கே கெடுகின்றன. இரண்டுக்கும் பொதுவாயுள்ளவை மின்வழங்கலும் ஏரியல் அமைப்புமே. ஆதலின் இரு குறைகளும் ஒன்றாய்த் தோன்றின் முதல் ஐயம் இவற்றின் மீதே விழ வேண்டும்.

முறையீட்டை முதலில் ஆராய்க

மறுமுனையில் உள்ளவர் “பேச்சு சரியில்லை” என்று கூறும்போது அச்சொல் பல பொருள் தரும். இரைச்சலில் மூழ்கிய பேச்சு வேறு. திரிந்த பேச்சு வேறு. அலை வலுக்குன்றி வந்து சேரும்போது பேச்சுக்குப் பின்னால் ‘உஸ்’ என்னும் இரைச்சல் எழும். அதிர்வெண் பண்பேற்றத்தில் ஏற்பிக்கு ஒரு குறைந்த அளவு வலு தேவை. அவ்வெல்லை வரை பேச்சு தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கியதும் இரைச்சல் சட்டெனப் பெருகிப் பேச்சை விழுங்கும். இது திரிபன்று; ஆற்றல் குறைவின் அல்லது தொலைவின் விளைவு. இரைச்சல் சிறிதும் இல்லாமல் சொற்கள் மட்டும் கரகரத்தும் நசுங்கியும் கேட்பின் அதுவே உண்மைத் திரிபு.

முறையீடு செய்பவரின் ஏற்பியே பழுதாக இருத்தலும் கூடும். ஆகவே குறைந்தது இரண்டு நிலையங்களிடமிருந்து கருத்துக் கேட்க வேண்டும். இருவரும் ஒரே குறையைச் சொன்னால் மட்டுமே அனுப்பும் கருவியைச் சந்தேகிக்கலாம். இங்கு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. சோதிப்பவர் இரண்டாவது கைக்கருவி ஒன்றை அதே மேசைமீது வைத்துக்கொண்டு கேட்கிறார். அவ்வளவு அருகில் 25 வாட் அலை ஏற்பியைத் திணறச் செய்யும். நல்ல பேச்சும் அங்கே கெட்டதாகக் கேட்கும். கேட்கும் கருவி சில நூறு மீட்டர் தள்ளியிருப்பது நலம். அனுப்பும் கருவியைக் குறைந்த ஆற்றலில் வைத்தலும் வேண்டும்.

ஆற்றல் பற்றிய முறையீட்டையும் இவ்வாறே எடை போட வேண்டும். ஆற்றல் பாதியாகக் குறைந்தால் 3 டெசிபெல் இழப்பு. நல்ல தொடர்பில் காது இதனை அறியவே அறியாது. நேற்று வரை தெளிவாகக் கேட்ட நிலையம் இன்று கேட்கவில்லை என்று பலரும் கூறுமளவுக்கு இழப்பு நேர்ந்திருந்தால், அது பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ ஆற்றல் வீழ்ந்ததைக் குறிக்கலாம். கடற்கருவிகளில் 25 வாட், 1 வாட் என இரு நிலைகள் உள்ளன. துறைமுகத்தில் 1 வாட்டுக்கு மாற்றிய பொத்தானைக் கடலுக்குச் சென்றபின் திருப்பி வைக்க மறந்ததே காரணமாயிருத்தல் அரிதன்று. சோதனையின் முதற்படி அப்பொத்தானைப் பார்ப்பதே.

மின்வழங்கல்

ஒரு 25 வாட் கருவி ஏற்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே மின்னோட்டம் கொள்ளும். பேசும் பொத்தானை அழுத்தியவுடன் அது ஏறக்குறைய 5 அல்லது 6 ஆம்பியராகிவிடும். இந்தப் பன்மடங்கு ஏற்றமே பல பழுதுகளுக்குத் திறவுகோல்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. பாட்டரிக்கும் கருவிக்கும் இடையே 6 மீட்டர். போகவும் வரவும் 12 மீட்டர் கம்பி. அது 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியாயின் அதன் மின்தடை ஏறத்தாழ 0.14 ஓம். உப்புக்காற்றில் களிம்பேறிய ப்யூஸ் தாங்கி ஒன்று 0.2 ஓம் மின்தடையைச் சேர்க்கிறது எனக் கொள்க. ஏற்கும் நிலையில் 0.4 ஆம்பியர் ஓடும்போது இவ்விரண்டிலும் இழக்கப்படுவது 0.14 வோல்ட் மட்டுமே. எவர் கண்ணிலும் படாது. அனுப்பும் நிலையில் 6 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 2 வோல்ட்டைத் தாண்டுகிறது. நிறைந்த ஈயப் பாட்டரி ஓய்வில் காட்டும் 12.6 வோல்ட்டில் கருவியை வந்தடைவது 10.6 வோல்ட்டுக்கும் குறைவே.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டவை. அதிலிருந்து நூற்றுக்கு 15 பங்கு வரை, அதாவது 11.7 வோல்ட் வரை, தாழ்வைப் பல கருவிகள் பொறுத்துக்கொள்ளும். அதற்கும் கீழே சென்றால் இரு தீமைகள் விளைகின்றன. இறுதிப் பெருக்கியின் ஆற்றல் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வீழ்கிறது. அத்துடன், உட்சுற்றுகளின் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் பகுதி தன் பிடியை இழப்பதால், அதிர்வெண் நிலைபிறழ்ந்து பேச்சு கரகரப்பாகிறது. ஆற்றல் குறைவும் பேச்சுத் திரிபும் ஒரே களிம்பிலிருந்து பிறந்தன. பெட்டியைத் திறந்து தேடினால் இது அகப்படாது.

ஆகவே மின்னழுத்தத்தைப் பொத்தானை அழுத்தாமல் அளப்பது பயனற்றது. மல்டிமீட்டரின் முனைகளைக் கருவியின் பின்புற இணைப்பிலேயே வைத்து, பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும்போது அளக்க வேண்டும். இழப்பு எவ்விடத்தில் என்று அறிய எளிய வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதைக் கருவியின் நேர்முனையிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அவ்வழியில் இழந்த வோல்ட்டுகளை மீட்டர் நேராகவே காட்டும். எதிர்முனைக்கும் அவ்வாறே செய்க. பின் ஒவ்வோர் இணைப்பாக முனையை நகர்த்தி வரக் குற்றவாளி தானே அகப்படும். மேற்கூறிய ப்யூஸ் தாங்கியில் 7 வாட் வெப்பம் பிறப்பதால், சிறிது நேரம் பேசியபின் தொட்டுப் பார்த்தே அதனைக் கண்டுபிடிக்கலாம். களிம்பைச் சுரண்டித் துடைத்து இறுக்கி, 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியையும் இட்டால் மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

பாட்டரியே முதிர்ந்திருந்தால் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டிச் சுமையில் தளரும். அப்போது பாட்டரியின் முனைகளிலேயே வீழ்ச்சி தெரியும்.

ஒலியின் தன்மையும் சான்று பகரும். எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை பேச்சுடன் கலந்து சென்றால், அது மின்னாக்கியிலிருந்து வருவது. கருவிக்கான கம்பிகளை வேறெதனோடும் பகிராமல் பாட்டரி முனைகளிலிருந்தே எடுத்தல் இதற்குச் சிறந்த பரிகாரம். கரை நிலையங்களில் தாழ்ந்த ரீங்காரம் கேட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கும் கருவியின் வடிகட்டி தளர்ந்திருக்கலாம். அந்த ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸாக இருக்கும். பாட்டரியில் இணைத்துப் பேசும்போது ரீங்காரம் மறைந்தால் ஐயம் தீர்ந்தது.

ஏரியலும் கேபிளும்

மின்வழங்கல் சரியெனில் அடுத்து ஏரியலின் பக்கம் திரும்ப வேண்டும். இதற்கு இரு சாதனங்கள் போதும். ஒன்று, முன்செல்லும் ஆற்றலையும் திரும்பும் ஆற்றலையும் காட்டும் வாட் மானி. மற்றொன்று, 50 ஓம் போலிச் சுமை. போலிச் சுமை என்பது அலையை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றிக்கொள்ளும் ஒரு மின்தடை. இதனை இணைத்துச் சோதிப்பதால் பிறர் பேச்சுக்கு இடையூறு நேராது என்பதும் ஒரு நன்மை.

போலிச் சுமையில் வாட் மானி முழு ஆற்றலைக் காட்டி, ஏரியலை இணைத்ததும் குறைத்துக் காட்டினால், கருவி நலமாக உள்ளது, குறை வெளியே. ஏரியல் பொருந்தாதபோது ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. நிலையலை விகிதம் 2 ஆயின் நூற்றுக்கு 11 பங்கு திரும்பும். 3 ஆயின் 25 பங்கு. இவ்விழப்பைக் காட்டிலும் பெரிது வேறொன்று. இக்காலக் கருவிகள், திரும்பும் ஆற்றல் மிகுந்தால் இறுதிப் பெருக்கி எரிந்துபோகாமல் காக்கத் தம் ஆற்றலைத் தாமே சுருக்கிக்கொள்கின்றன. பழுதென்று எண்ணப்படுவது பல வேளைகளில் இந்தத் தற்காப்பே.

ஆனால் நிலையலை விகிதத்தை மட்டும் நம்புவதும் ஏமாற்றத்தில் முடியும். 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய ஆர்ஜி-58 கேபிள், 150 மெகாஹெர்ட்ஸ் அருகில் ஏறத்தாழ 6 டெசிபெல் இழப்புத் தரும். கருவி தரும் 25 வாட்டில் கொடிமரத்தின் உச்சியை எட்டுவது 6 வாட் அளவே. திரும்பும் அலையும் அதே கேபிளில் அதே அளவு தேய்கிறது. ஏரியல் முறிந்து வீழ்ந்து கேபிளின் மேல்முனை வெறுமையாக நின்றாலும், கீழே உள்ள மானி நிலையலை விகிதம் 1.7 அளவில் உள்ளதாகவே காட்டும். நீர் புகுந்த கேபிளில் இழப்பு இன்னும் மிகுதி. அங்கே விகிதம் மேலும் அழகாகத் தோன்றும். மழைக்காலத்துக்குப் பின் நிலையலை விகிதம் காரணமின்றி மேம்பட்டிருந்தால் அது மகிழத்தக்கதன்று, ஐயுறத்தக்கது.

இதனை ஐயமறத் தெளிய, போலிச் சுமையைக் கேபிளின் மேல்முனைக்கே கொண்டு சென்று, வாட் மானியை முதலில் கீழேயும் பின்னர் மேலேயும் வைத்து இரு அளவுகளையும் ஒப்பிட வேண்டும். கேபிளுக்குரிய இயல்பான இழப்பை விட வேறுபாடு மிகுந்திருந்தால் கேபிளை மாற்றுவதே வழி. தடித்த ஆர்ஜி-213 கேபிளில் அதே 30 மீட்டருக்கு ஏறத்தாழப் பாதி ஆற்றல் ஏரியலை எட்டும். கேபிளின் மேல்முனை இணைப்பை அவிழ்த்து, உள்ளே பின்னப்பட்ட செப்புக் கம்பி பளபளப்பாக உள்ளதா, கறுத்துப் பச்சை பூத்துள்ளதா என்று பார்த்தாலே நீர் புகுந்தது தெரிந்துவிடும். புதிய இணைப்பைத் தன்னில் தானே ஒட்டிக்கொள்ளும் இரப்பர் நாடாவால் சுற்றி மூட வேண்டும்.

ஏரியல் குறைபாடு பேச்சையும் கெடுக்கக் கூடும். திரும்பிய அலை கேபிளின் வெளியுறையிலும், கருவியின் பெட்டியிலும், மைக்ரோபோன் வடத்திலும் பரவி, குரல் பெருக்கிக்குள் புகுந்துவிடுகிறது. அப்போது மறுமுனையில் பேச்சு உறுமலாகவோ தெளிவற்ற முழக்கமாகவோ கேட்கும். இதனை அடையாளங் காணுதல் எளிது. முழு ஆற்றலில் தோன்றும் திரிபு 1 வாட்டில் மறைந்தால், அல்லது போலிச் சுமையை இணைத்ததும் மறைந்தால், காரணம் இதுவே. ஆனால் ஆற்றலைக் குறைக்கையில் மின்னோட்டமும் குறைவதால், மின்வழங்கலை முன்னமே சோதித்திருக்க வேண்டும். அன்றேல் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஏரியலைச் செப்பனிடுவதும், கருவியிலிருந்து தள்ளி வைப்பதும், மைக்ரோபோன் வடத்தில் பெரைட் வளையம் பூட்டுவதும் இதற்குப் பரிகாரம்.

மைக்ரோபோன்

மின்வழங்கலும் ஏரியலும் குற்றமற்றவை எனத் தேர்ந்து, ஆற்றல் நிறைவாகவும் பேச்சு மட்டும் கெட்டும் இருந்தால், மைக்ரோபோனையே முதலில் ஐயுற வேண்டும். கருவி முழுவதிலும் மிகுதியாக அல்லற்படும் உறுப்பு இதுவே. கையில் இழுபடுகிறது; தரையில் விழுகிறது; எச்சிலும் உப்புநீரும் மீன் செதிலும் படிகின்றன. குரல் புகும் சிறு துளை அடைபட்டால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். சுருள் வடத்தின் உள்ளே உறைக்கம்பி அறுந்தால் ரீங்காரமும் உறுமலும் கலக்கும். பேசிக்கொண்டே வடத்தை அசைக்கும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் வடம் அறுந்தது உறுதி.

நலமென்று தெரிந்த மற்றொரு மைக்ரோபோனை மாட்டிப் பார்ப்பதே விரைவான சோதனை. ஆனால் அது அக்கருவிக்கே உரியதாக இருத்தல் வேண்டும். சில மைக்ரோபோன்கள் தாமே மின்னழுத்தத்தை உண்டாக்குபவை. சில, கருவியிலிருந்து சிறு மின்னழுத்தம் பெற்றே இயங்குபவை. இணைப்பி பொருந்துகிறது என்பதற்காக ஒன்றனிடத்தில் மற்றொன்றை மாட்டினால், குரல் மிக மெலிந்தோ மிக வலுத்தோ செல்லும்.

பேசும் முறையும் கவனிக்கத்தக்கது. மைக்ரோபோனை வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் அளவில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, உரையாடும் குரலில் பேசுதல் வேண்டும். ஆபத்து நேரத்தில் கூச்சலிடுதல் இயல்பே. ஆனால் வரம்புச் சுற்று அக்கூச்சலை நசுக்கிவிடுவதால் மறுமுனையில் சொல் விளங்காது. படகின் பெயரும் இருக்கும் இடமும் விளங்காத கூச்சலை விட, மெல்லச் சொன்ன இரண்டு வாக்கியங்கள் மேலானவை.

கருவியின் உட்புறம்

இவையனைத்தும் சரியாயிருந்த பின்னரே கருவியின் உட்புறத்தை நினைக்க வேண்டும். அங்கே பேச்சைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: விலக்க மிகுதியும் அதிர்வெண் பிறழ்வும்.

25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள அலைவரிசைகளில் விலக்கம் மேலும் கீழும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை செல்லலாம். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ளவற்றில் எல்லை 2.5 கிலோஹெர்ட்ஸ். அகன்ற முறையில் அமைத்த கருவி குறுகிய ஏற்பியோடு பேசினால், பேச்சின் உச்சங்கள் ஏற்பியின் வடிகட்டிக்கு வெளியே சென்று வெட்டுப்படும். குறுகிய கருவி அகன்ற ஏற்பியோடு பேசினால் திரிபு இராது. ஆனால் குரல் மெலிந்து கேட்கும். இதனை ஆற்றல் குறைவென்று மயங்குவோர் பலர். புதிய கருவி ஒன்று குழுவில் சேர்ந்ததும் இக்குறை எழுந்தால் அமைப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதிர்வெண் பிறழ்வுக்குக் காரணம் படிகத்தின் முதுமையும் வெப்ப மாறுபாடும். கடலில் ஆபத்து அழைப்புக்குரிய 16-ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. அதில் பத்து இலட்சத்தில் 5 பங்கு பிறழ்வு என்பது 784 ஹெர்ட்ஸ். அனுப்பும் கருவி ஒரு புறமும் ஏற்பி மறுபுறமும் இவ்வாறு விலகி, அளவு மேலும் வளருமாயின், அலை ஏற்பியின் வடிகட்டிக்கு நடுவே அமையாமல் ஒரு பக்கம் உரசிச் செல்லும். இவ்விரு குறைகளையும் வேறு பிரிக்கக் காதே போதும். மைக்ரோபோனைத் தள்ளி வைத்து மெல்லப் பேசும்போது பேச்சு தெளிந்தால் விலக்க மிகுதி. பெரிதும் தெளியாவிட்டால் அதிர்வெண் பிறழ்வை ஐயுறலாம். அதிர்வெண் எண்ணியால் அளந்து இதனை உறுதி செய்க.

ஆற்றல் குறைவுக்குச் சான்று கூறுவது மின்னோட்டம். போலிச் சுமையில், முறையான மின்னழுத்தத்தில், அனுப்பும்போது ஆம்பியர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆற்றலும் குறைந்து மின்னோட்டமும் குறைந்திருந்தால், இறுதிப் பெருக்கிக்கு உந்துதல் வரவில்லை, அல்லது இறுதி டிரான்சிஸ்டர் செயலிழந்துவிட்டது. மின்னோட்டம் இயல்பாக இருந்தும் ஆற்றல் மட்டும் குறைந்திருந்தால், அது எங்கோ வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. இறுதிப் பெருக்கிக்கும் ஏரியல் இணைப்பிக்கும் இடையே உள்ள வடிகட்டியையும் பற்றாசு இணைப்புகளையும் ஆராய வேண்டும். தொடக்கத்தில் முழு ஆற்றல் இருந்து, சில நிமிடப் பேச்சுக்குப் பின் அது இறங்கினால், வெப்பக் காப்புச் சுற்று வேலை செய்கிறது என்று கொண்டு, காற்றோட்டத்தையும் வெப்பந்தணிப்பான் தகட்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விலக்கத்தை அளக்கும் மானியும், அலைநிறமாலையைக் காட்டும் கருவியும் இல்லாமல் உட்புறத் திருகுகளைத் திருப்புதல் கூடாது. ஆற்றலைக் கூட்டும் எண்ணத்தோடு திருப்பிய திருகு, பக்கத்து அலைவரிசையில் சிதறலை உண்டாக்கிப் பிறர் அழைப்பை மறைத்துவிடும். கடலில் 25 வாட் எல்லையை மீறுதல் விதிக்கும் புறம்பானது. அதனால் தொலைவும் பெரிதும் மிகாது. இவ்வதிர்வெண்களில் எட்டும் தொலைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏரியலின் உயரமே. படகில் 4 மீட்டர் உயரத்திலும் கரையில் 36 மீட்டர் உயரத்திலும் ஏரியல் இருந்தால், வானொலித் தொடுவான் எல்லை ஏறத்தாழ 33 கிலோமீட்டர். படகின் ஏரியலை 9 மீட்டருக்கு உயர்த்தினால் அது 37 கிலோமீட்டராகும்.

ஒருபக்கப் பட்டை முறை

நெடுந்தொலைவுக்குரிய குற்றலைக் கருவிகளில் வழங்கும் ஒருபக்கப் பட்டை முறையில் நிலைமை வேறு. அங்கே பேச்சு இருந்தால்தான் ஆற்றல். பேச்சு நின்றால் ஆற்றலும் இல்லை. 100 வாட் உச்ச ஆற்றலுள்ள கருவியில் இயல்பாகப் பேசும்போது சாதாரண வாட் மானியின் முள் 20 அல்லது 30 வாட் அளவிலேயே ஆடும். அது சராசரியைக் காட்டுகிறது. இதனை ஆற்றல் குறைவென்று கருதி மைக்ரோபோன் பெருக்கத்தை உயர்த்துவோர் உண்டு. முள் ஏறும், ஆனால் பேச்சின் உச்சங்கள் தட்டையாகிச் சொற்கள் சிதையும், அலையும் அகன்று பிறரைத் துன்புறுத்தும். இல்லாத ஒரு நோய்க்கு இட்ட மருந்து உள்ளபடியே ஒரு நோயை உண்டாக்கிவிடுகிறது. உச்சத்தைக் காட்டும் மானியால் அளப்பதே முறை.

கைக்கருவிகள்

கைக்கருவிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அளவுகள் மட்டுமே வேறு. 7.4 வோல்ட் லித்தியம் பாட்டரியில் இயங்கும் 5 வாட் கருவி, அனுப்பும்போது ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் கொள்ளும். முதிர்ந்த பாட்டரியின் உள்தடை அரை ஓம் ஆனால் முக்கால் வோல்ட் அங்கேயே இழக்கப்படும். ஓய்வில் நிறைவு காட்டும் அடையாளம், பேசும்போது சரிந்து மீண்டும் எழுந்தால் பாட்டரியை மாற்ற வேண்டும். பாட்டரியின் பித்தளைத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைப்பதே பல வேளை போதுமானது. இரப்பர் ஏரியலைச் செங்குத்தாகப் பிடித்துப் பேசுதல் வேண்டும். இடுப்புப் பட்டையில் தொங்கும் கருவியின் அலையில் பெரும் பகுதியை உடலே தடுத்துவிடும்.

எண்ணிலக்க முறைக் கருவிகளில் திரிபு படிப்படியாகத் தோன்றுவதில்லை. ஓரெல்லை வரை பேச்சு தெளிவாக இருந்து, பின் துண்டு துண்டாகி அற்றுப்போகும். முன்னெச்சரிக்கை தரும் இரைச்சல் அங்கு இல்லாததால், அளவைகளைக் கொண்டு சோதித்தல் இன்னும் தேவையாகிறது.

பதிவேடு

மேற்கூறியவற்றின் சாரம் ஒரு வரிசையில் அடங்கும். இரண்டு நிலையங்களிடம் கேட்டு முறையீட்டை உறுதி செய்தல், ஆற்றல் பொத்தானைப் பார்த்தல், பொத்தானை அழுத்தியபடி மின்னழுத்தத்தை அளத்தல், போலிச் சுமையில் ஆற்றலை அளத்தல், ஏரியலோடு அளத்தல், மைக்ரோபோனை மாற்றிப் பார்த்தல், இறுதியில் கருவியைத் தேர்ந்த தொழில்நுணுக்கரிடம் ஒப்படைத்தல். இவ்வரிசையில் எளியதும் செலவற்றதும் முன்னே நிற்கின்றன. அடிக்கடி பழுதாகுபவையும் அவையே.

ஆனால் எந்த அளவும் ஒப்பிட ஒன்று இருந்தால்தான் பொருள் தரும். கருவி புதிதாகப் பொருத்தப்பட்டு நன்றாக இயங்கும் நாளில் ஐந்து எண்களைக் குறித்து வைத்தல் வேண்டும்: அனுப்பும்போது கருவியின் முனையில் மின்னழுத்தம், மின்னோட்டம், போலிச் சுமையில் ஆற்றல், ஏரியலில் முன்செல்லும் ஆற்றலும் திரும்பும் ஆற்றலும். மாதம் ஒருமுறை இவற்றை மீண்டும் அளந்து, பேசும் அலைவரிசை ஒன்றில் தொலைவிலுள்ள நிலையத்திடம் குரலின் தெளிவையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், களிம்பு ஏறுவதும், கேபிளில் நீர் புகுவதும், பாட்டரி தளர்வதும் எண்களின் மெல்லிய சரிவாக முன்னமே தெரியும். 16-ஆம் அலைவரிசையை இச்சோதனைக்குப் பயன்படுத்துதல் தகாது; அது ஆபத்தில் உள்ளவருக்கு உரியது.

தம் குரலைத் தாம் கேட்க இயலாத கருவியைக் கையாள்பவருக்கு இந்த எண்களே காதுகள். புயல் எச்சரிக்கை வந்தபின் அவற்றை அளக்க நேரம் இராது.